எண்ணெய் ஊற்றினால் பாலில் கொழுப்பு ஏறுமா?

கேள்வி: கலப்பின ஜெர்சி மாட்டுக்குத் தினமும் கால் லிட்டர் சூரியகாந்தி எண்ணெயைத் தவிட்டில் கலந்து கொடுத்தேன். இரண்டு வாரத்தில் பாலின் கொழுப்பு 4.3 சதவீதத்திலிருந்து 3.2-க்கு இறங்கிவிட்டது. ஏன் டாக்டர்? - வாசகி, பெருந்துறை.

பதில்: வேலைக்கு வந்த புதிதில் நானும் எண்ணெய் கொடுத்தால் கொழுப்பு ஏறும் என்றுதான் நம்பினேன் அம்மா. ஆனால் எண்ணெய் நேராக மடிக்குப் போவதில்லை. மாட்டின் முதல் வயிறான பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதை மாற்றிவிடுகின்றன. தவிடு, அடர்தீவனம் கூடி நார் குறைந்தால் அந்த மாற்றம் தடம் புரண்டு, ‘டிரான்ஸ்-10, சிஸ்-12 சிஎல்ஏ’ என்ற கொழுப்பு அமிலம் உண்டாகிறது. அது ரத்தம் வழியே மடிக்குப் போய், அங்கே கொழுப்பு தயாரிக்கும் மரபணுக்களை அடக்கிவிடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இந்த அமிலத்தை நாளுக்கு வெறும் 10 கிராம் நான்காம் வயிற்றுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். பால் கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது!

எண்ணெயை உடனே நிறுத்துங்கள். சோளத்தட்டோ வைக்கோலோ வயிறு நிறையப் போடுங்கள். அப்புறம், நார் போதுமா என்று பார்க்க, மாடு படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள்: ஒரு கவளத்தை ஐம்பது தடவையாவது அசைபோட வேண்டும். கொழுப்பு பழையபடி ஏற இரண்டு மூன்று வாரம் ஆகும்.