வாசகர் கேள்வி-பதில்: ரோலர் உருட்டி கார் பெயிண்ட்

கேள்வி: என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி 800, வெள்ளை நிறம். பானட்டும் கூரையும் வெளுத்து, தடவினால் கையில் மாவு மாதிரி ஒட்டுகிறது. பட்டறையில் கேட்கும் தொகை காரின் விலையில் பாதி. ஸ்ப்ரே கன் இல்லாமல் வீட்டிலேயே அடிக்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

அடிக்கலாம். அதற்கு முன் ஒரு சோதனை. பானட்டில் ஒரு சாண் இடத்தில் ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டுத் துணியால் பத்து நிமிடம் தேயுங்கள். பளபளப்பு திரும்பினால் மேல் தோல்தான் வெயிலில் செத்திருக்கிறது, பெயிண்ட் செலவே வேண்டாம். பிரைமரோ (பெயிண்ட்டுக்கு அடியில் பூசும் அடிப்பூச்சு) தகரமோ எட்டிப் பார்த்தால் மேலே படியுங்கள்.

வாங்க வேண்டியது சிந்தெடிக் எனாமல், பளபளக்கும் (gloss) ரகம், 3 லிட்டர். ஒரே பேட்ச் எண் பார்த்து ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்து வேறு டப்பா வாங்கினால் நிறத்தில் மயிரிழை வித்தியாசம் வரலாம். கூடவே 4 அங்குல ஸ்பாஞ்ச் ரோலர் ஐந்தாறு, மினரல் டர்பன்டைன், மாஸ்கிங் டேப், 400 முதல் 2000 எண் வரை வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக் கூட மென்மை).

முதலில் சோப்பு நீரில் கழுவிக் காய்ந்ததும், டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷில் உள்ள சிலிக்கோன் தகரத்தில் ஒட்டியிருந்தால், வாட்டர் பேப்பர் அதை எங்கும் பரப்பிவிடும். பிறகு பெயிண்ட் அங்கங்கே விலகி மீன் கண் போலக் குழிகள் விழும். துடைத்தபின் 400 பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு முழுக்கப் போய் மங்கலாகும் வரை தேய்க்க வேண்டும். மினுமினுக்கிற இடம் ஒன்று மிஞ்சினாலும் நாளை பெயிண்ட் உரிவது அங்கேதான்.

1 லிட்டருக்கு 150 முதல் 200 மில்லி டர்பன்டைன் கலந்து, பழைய நைலான் துணியில் வடிகட்டுங்கள். ரோலரை நன்றாகப் பிழிந்து, பானட் என்றால் பானட் முழுவதும், கதவு என்றால் கதவு முழுவதும் ஒரே மூச்சில் உருட்ட வேண்டும். உருட்டிய உடனே, பெயிண்ட் தோயாத மென்மையான பிரஷ் நுனியால் ஒரே திசையில் லேசாக நீவிவிட்டால் குமிழிகள் உடைந்துவிடும். முதல் கோட் திட்டுத்திட்டாக, அடிநிறம் தெரிய அசிங்கமாகத்தான் இருக்கும். மனம் கேட்காமல் அதன் மேலேயே இன்னும் அப்புவதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

கோட்டுக்குக் கோட் 24 மணி நேரம் விடுங்கள். இரண்டு கோட் முடிந்ததும் 600 பேப்பர், தண்ணீர் விட்டு. மேலும் இரண்டு, பிறகு 800. கடைசி இரண்டு கோட்டுக்குப் பின் மூன்று வாரம் காரைச் சும்மா விட்டு, 1500, 2000 என்று நீர் விட்டுத் தேய்த்துக் காம்பவுண்ட் போடுங்கள். மடிப்பு ஓரங்களில் பேப்பர் படாமல் பாருங்கள். பெயிண்ட் மெல்லியதாக இருப்பதும் முதலில் தேய்ந்துபோவதும் அங்கேதான்.

ஆடிக் காற்றில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், தெருப்புழுதி முழுதும் காரில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். தை, மாசி நல்லது, ஆனால் பனி இறங்கும். ஆகவே காலை 9 மணிக்கு மேல் நிழலில் ஆரம்பித்து, பகல் 2 மணிக்குள் ரோலரை வைத்துவிடுங்கள்.

இந்த பெயிண்ட் இரண்டு மூன்று ஆண்டில் மங்கத் தொடங்கும். டேங்க் மூடி அருகே பெட்ரோல் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இளகிவிடும். பட்டறையின் ஸ்ப்ரே பூத்தில் அடிக்கும் பெயிண்ட்டின் ஆயுசை இதில் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: இரண்டாவது கோட் அடித்ததும் பெயிண்ட் சுருங்கி, பால் ஏடு மாதிரி மடிப்பு விழுந்துவிட்டது. ஏன்?
- வாசகி, கும்பகோணம்

இரண்டு காரணங்களில் ஒன்று. அடிக்கோட் தடிமனாக இருந்து மேல் மட்டும் காய்ந்திருக்கும். அல்லது டர்பன்டைனுக்குப் பதில் என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்டுக்கான கரைப்பான்) கலந்திருப்பீர்கள். என்.சி. தின்னர் எனாமலைத் தின்றுவிடும். சுருங்கியதன் மேல் பூசி மறைக்க முடியாது. ஒரு வாரம் காயவிட்டு, சுருக்கம் போகும் வரை தேய்த்துவிட்டுத் தொடருங்கள்.

கேள்வி: கதவின் அடியில் துரு. பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்தால் போதுமா?
- வாசகர், நாகர்கோவில்

துருவின் மேல் பட்டி வைத்தால், ஒரு மழைக்காலம் கழித்து அது கட்டியாகக் கையோடு வரும். கம்பி பிரஷும் 80 பேப்பரும் போட்டு வெள்ளைத் தகரம் தெரியும் வரை சுரண்டுங்கள். திருப்புளியால் குத்திப் பார்த்து ஓட்டை விழுந்தால் அது டிங்கர் வேலை, தகரம் வெட்டி வைக்கத்தான் வேண்டும். பள்ளம் மட்டும் என்றால் பாலியஸ்டர் பட்டி: 100 கிராமுக்கு 2 கிராம் ஹார்டனர். பத்து நிமிடத்தில் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். பட்டியைத் தண்ணீர் விடாமல் தேய்க்க வேண்டும், அது நீரை உறிஞ்சி உள்ளே துருவை வளர்க்கும். அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட். தகரத்தைத் திறந்தபடி இரவு விடாதீர்கள், கடலோர ஊரில் விடிவதற்குள் செம்மை படரும்.

கேள்வி: ரோலரில் மெட்டாலிக் சில்வர் அடிக்கலாமா?
- வாசகர், சேலம்

வேண்டாம். அதிலுள்ள அலுமினியத் துகள்கள் ரோலர் போன போக்கில் படுத்து, வரிவரியாகத் தெரியும்.

கேள்வி: அடிப்பதுதான் அடிக்கிறோம், நிறத்தையே மாற்றிவிடலாமா?
- வாசகர், ஈரோடு

ஆர்.சி. புத்தகத்தில் நிறம் பதிவாகியிருக்கிறது. வண்டி அதோடு ஒத்துப்போகாவிட்டால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். எனவே முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு கடிதம், பிறகு ரோலர். ஆலிவ் பச்சை மட்டும் எந்த அனுமதியிலும் கிடைக்காது. 1989 விதிகளின்படி அது ராணுவ வண்டிகளுக்கே உரியது. இன்னொன்று, நிறம் மாறினால் கதவு உள்விளிம்பு, டிக்கி உள்பக்கம், பானட் அடி எல்லாம் பழைய நிறத்தில் பல்லிளிக்கும். அவற்றையும் சேர்த்தால் வேலை இரண்டு மடங்கு.