பங்காளிகள், பரிகாரம், அப்பர்: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

உங்கள் எழுத்துகளை நீண்ட நாட்களாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. ஈரோட்டுப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம் இருக்கிறது. அப்பா இறந்தபிறகு பெரியப்பா மகன்கள் இருவரும் எங்கள் வண்டித்தடத்தை மறித்துக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். கேட்கப்போன என்மேலேயே அடிதடி வழக்கு. பொதுக் கிணற்றில் எங்கள் முறை வரும் நாளில் மோட்டார் ஒயர் அறுந்து கிடக்கிறது. மூத்தவர் கோயில் கமிட்டியில் இருக்கிறார், ஊரில் எல்லோருக்கும் நல்லவர். அதனால் எங்களுக்காக யாரும் பேசுவதில்லை. அம்மா தினமும் கவசம் படிக்கிறார். செய்வினை இருக்கிறது, சத்ரு சம்ஹார ஹோமம் செய்தால் ஒரு மண்டலத்தில் எதிரிகள் ஒடுங்கிவிடுவார்கள் என்று ஒரு ஜோதிடர் 40,000 ரூபாய் கேட்கிறார். நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விடலாம் என்கிறாள் மனைவி. எனக்குத் தூக்கமே இல்லை. கடவுளை நம்பினால் எதிரிகளிடமிருந்து உண்மையிலேயே காப்பாற்றுவாரா? அப்பர் சுவாமிகளைக் காப்பாற்றியதாகப் படிக்கிறோம். அதெல்லாம் நமக்கும் நடக்குமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியில் அப்பரை நீங்கள் இழுத்திருக்காவிட்டால், "நல்ல வக்கீலாகப் பாருங்கள்" என்று இரண்டு வரி எழுதிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். கொஞ்ச நாளாகவே அப்பர் பதிகங்கள் இருக்கும் நான்காம் திருமுறையைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

முதலில் சின்ன விஷயங்கள். செய்வினையைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மோட்டார் ஒயரை அறுத்தது கட்டிங் பிளேயர். தடத்தைப் பொறுத்தவரை, பத்திரத்தில் மாமூல் வண்டித்தட பாத்தியம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டாலும், 20 வருடத்துக்கு மேல் தடையில்லாமல், எல்லோர் கண்ணெதிரிலும், உரிமையோடு அதில் போய்வந்திருந்தால் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் உங்களுக்கு வழி இருக்கிறது. வேலியைப் படமெடுத்து வையுங்கள். அறுந்த ஒயரையும்தான். தூக்கம் வராத மனிதருக்கு இது போதாது என்று தெரியும்.

சரி, அப்பர்.

அவர் கதை எல்லோருக்கும் பாதி தெரியும். சமணத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுரத்தில், அதாவது இன்றைய கடலூர்ப் பக்கம், பெரிய தலைவராக இருந்தவர். சூலைநோய் தாங்கமுடியாமல் அக்கா திலகவதியாரிடம் திரும்பி வந்து, திருவதிகையில் மறுபடி சைவரானார். விட்டுப்போன தலைவரை எந்த இயக்கம் சும்மா விட்டிருக்கிறது? பல்லவ அரசனிடம் புகார் போயிற்று. ஏழு நாள் நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், அடைத்தார்கள். நஞ்சு கலந்த பாற்சோறு கொடுத்தார்கள். யானையை ஏவினார்கள். கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். கல் மிதந்து அவர் கரையேறிய இடம் என்று கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது.

அந்த அரசன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது பொதுவாக ஆய்வாளர்கள் ஏற்கும் கருத்து. பெரியப்பா மகன் ஊருக்கெல்லாம் நல்லவர் என்று குமைந்திருந்தீர்களே, இவரும் லேசுப்பட்டவர் இல்லை. வடமொழியில் அங்கத நாடகம் எழுதியவர். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டவர். சுண்ணாம்பை வேறு வேலைக்கு வைத்திருந்தார் போலிருக்கிறது. நம்மைக் கெடுக்க வருகிறவன் ரசனையுள்ளவனாகவும் நாலு பேருக்கு உதவுகிறவனாகவும் இருப்பதுதான் இதில் பெரிய சங்கடம். ஊர் அவன் பக்கம் நிற்பதற்கு ஊர் கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை.

அப்பர் என்றதும் எல்லோரும் கல் மிதந்த இடத்தில் போய் நின்றுகொள்கிறார்கள். நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள். திருநீலக்குடிப் பதிகத்தில், சமணர் தன்னைக் கல்லோடு பூட்டி நீரில் தள்ளியதையும் தான் நாமம் சொல்லி உய்ந்ததையும் அவரே சொல்கிறார். கல் மிதந்ததாக அந்தப் பாட்டில் சொல்லவில்லை. மிதக்கும் கல்லை நமக்கு விரிவாகக் காட்டுபவர், சுமார் 500 ஆண்டுகள் கழித்து வந்த சேக்கிழார். எனக்கு அது மிதந்தாலும் சரி, மிதக்காவிட்டாலும் சரி. கடலில் விழும்போது அவர் பாடியதாகச் சொல்லப்படும் பதிகம் இருக்கிறதே, 'சொற்றுணை வேதியன்', அதை எத்தனை பேர் பத்துப் பாட்டும் படித்திருக்கிறோம்? அதில் சமணரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அரசனுக்குச் சாபம் இல்லை. "என்னைத் தூக்கி வெளியே போடு" என்ற வேண்டுதலும் இல்லை. நான்காவது பாட்டு இது:

இடுக்கண்பட் டிருக்கினும் இரந்தி யாரையும்
விடுக்கிற் பிரானென்று வினவுவோம் அல்லோம்
அடுக்கற்கீழ்க் கிடக்கினும் அருளின் நாமுற்ற
நடுக்கத்தைக் கெடுப்பது நமச்சி வாயவே

இடுக்கணில் கிடந்தாலும் யாரிடமும் போய் "விடுவியுங்கள்" என்று கெஞ்சமாட்டோம். மலைக்கடியில் சிக்கிக் கிடந்தாலும் நமக்கு வந்த நடுக்கத்தைப் போக்குவது நமச்சிவாய. ஐயா, மலை அப்படியே கிடக்கிறது! அதை நகர்த்தித் தருவதாக இந்தப் பாட்டு யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. போவது நடுக்கம் மட்டும். நீங்கள் கேட்ட "காப்பாற்றுவாரா" என்ற கேள்விக்கு, கடலில் கிடந்த ஆளே சொன்ன பதில் இவ்வளவுதான். இது சின்னப் பதில் என்று உங்களுக்குத் தோன்றலாம். நடுங்கிக்கொண்டே வக்கீலிடம் போய்ப் பாருங்கள், நடுங்கிக்கொண்டே சாட்சி சொல்லிப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள் சின்னதா பெரிதா என்று.

இரண்டாம் பாட்டில் ஓர் இடம். பூவுக்கு அணி தாமரை, பசுவுக்கு அணி அது தரும் ஐந்தால் அரனை நீராட்டுவது என்று சாவகாசமாக அடுக்கிக்கொண்டே போகிறவர், நடுவில் 'கோவினுக் கருங்கலம் கோட்டம் இல்லது' என்று ஒன்றைப் போடுகிறார். அரசனுக்கு அழகு கோணாமல் இருப்பது. கல்லோடு கட்டித் தள்ளப்பட்டவர் அரசனுக்கு வைத்த குட்டு அவ்வளவுதான். பெயர்கூடச் சொல்லவில்லை.

நான் வளர்ந்தது திருப்பாதிரிப்புலியூரில். கரையேறிய அப்பர் பாடிய கோயில் அது. 'தோன்றாத் துணையாய் இருந்தனன்' என்று அவர் பாடியதால், பாடலீசுவரருக்குத் தோன்றாத்துணைநாதர் என்றும் ஒரு பெயர் உண்டு. என் அத்தை சின்ன வயதில் தாலியறுத்தவர். கொழுந்தனார் வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டு இவரை வெளியே அனுப்பிவிட்டார். அத்தை கோர்ட்டுக்கு மஞ்சப்பையோடு வருடக்கணக்கில் நடந்தார். வாயில்லாப்பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். குழாயடியில் நின்று கொழுந்தனாரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார், தெருவே நின்று கேட்கும். ஆனால் கோயிலுக்குப் போனால் சன்னிதியில் நின்று 'ஈன்றாளுமாய்' சொல்லுவார், திரும்பி வந்துவிடுவார். ஒருநாள் கேட்டேன், "அத்தை, உங்க கொழுந்தனார் கால் ஒடியணும்னு சாமிகிட்ட வேண்டிக்கலையா?" என்று. என்னை ஒரு மாதிரி பார்த்தார். "போடா பைத்தியக்காரா. அதுக்கெல்லாம் அவரைக் கூப்பிடுவாங்களா? அதுக்குத்தான் வக்கீலுக்குப் பணம் கட்டுறேன்" என்றார்.

கடைசியில் வீட்டில் கொல்லைப்புறப் பாதிதான் அவருக்குக் கிடைத்தது. முன்பாதி போனது போனதுதான். நியாயம் முழுதாகக் கிடைத்தது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் வழக்கு நடந்த அத்தனை வருடமும் மனுஷி குறட்டை விட்டுத் தூங்கினார். பக்கத்தில் படுத்த எங்களுக்குத்தான் தூக்கம் போனது.

இப்போது திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடிதத்தில் கேட்டிருப்பது காப்பாற்றும் கடவுளை இல்லை. எதிரிகள் ஒரு மண்டலத்தில் ஒடுங்க வேண்டும் என்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது யானை.

அப்பர்மேல் ஏவிய யானை பெரியபுராணத்தில் என்ன செய்தது? அவரை வணங்கியது. அதோடு நிற்கவில்லை. திரும்பி, ஏவிவிட்டவர்கள் மேலேயே பாய்ந்து மிதித்துக் கொன்றது. கேட்கும்போது நமக்கெல்லாம் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வருகிறதா இல்லையா? அப்புறம் அரசனே சைவனாகிவிடுகிறான். பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்து, இடித்ததைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலை எடுக்கிறான். பின்னாளில் அப்பர் பழையாறைக்குப் போகிறார். வடதளியில் சிவன் கோயிலைச் சமணர்கள் மறைத்துவைத்திருக்கிறார்கள். அப்பர் உண்ணாமல் கிடக்க, சிவன் அந்த ஊர் மன்னன் கனவில் வருகிறார். கோயில் வெளிப்படுகிறது. கூடவே ஆயிரம் சமணர் யானைக் காலில் போகிறார்கள். இது சேக்கிழார் கைவேலை என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. 'ஆயிரஞ் சமணும் அழிவாக்கினான்' என்று அப்பர் பதிகத்திலேயே இருக்கிறது.

எனக்கு அப்பர் என்றால் உயிர். உழவாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் புல் செதுக்கிய அந்தக் கிழவரைப்போல இன்னொருவர் தமிழில் இல்லை என்று மேடையேறிச் சொல்வேன். அதற்காக வடதளிப் பாட்டை மறைக்க என்னால் ஆகாது. கடலில் கிடந்தபோது அவரிடம் யானை இல்லை, கேட்கவும் இல்லை. அரசன் தன் பக்கம் வந்தபிறகு ஆயிரம் பேர் அழிந்ததை ஆண்டவன் கணக்கில் எழுதிப் பாட அவராலும் முடிந்தது. அப்பராலேயே முடிந்தது என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்?

தமிழ்ச் சமணர்கள் இன்றும் வந்தவாசி, செஞ்சிப் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்கள் மடம் இருக்கிறது. நம்மைப் போலவே உழுது, நம்மைப் போலவே தமிழ் பேசி வாழும் சனம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் காதிலும் இந்தக் கதை விழுந்திருக்கும்தானே? நமக்குத் தெய்வம் துணைநின்ற கதை, அவர்களுக்கு யானை வந்த கதை. உங்கள் பெரியப்பா மகனும் அதே முருகன் சன்னிதியில்தான் நிற்கிறார், கமிட்டி ஆள் என்பதால் உங்களைவிட இரண்டடி முன்னால். அவர் வேண்டுதலில் சத்ரு யார் என்று நினைக்கிறீர்கள்? அவரும் அதே ஜோதிடரிடம் போயிருந்தால், தொகையைப் பேசிக் குறைத்திருப்பார்.

கோபப்படாதே என்று உங்களுக்குச் சொல்லவில்லை. குழாயடியில் நின்று நன்றாகத் திட்டுங்கள், வழக்கை விடாமல் நடத்துங்கள். பொய் வழக்குக்குப் பயந்து சமாதானக் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். விட்டுக்கொடுப்பதுதான் பக்தி என்று உங்களிடம் சொல்ல வருகிறவர் பெரும்பாலும் வேலி போட்டவரின் மாமனாராக இருப்பார்.

நிலத்தை விற்பதா வேண்டாமா என்பதை என்னிடம் கேட்காதீர்கள். ராத்திரி அந்தத் தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பது உங்கள் மனைவி. அவர் பயத்தை முதலில் முழுதாகக் கேளுங்கள். நீங்கள் ஆண்பிள்ளை வீம்பு பிடிக்கிறீர்களோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. அம்மா கவசம் படிக்கட்டும். நேரம் கிடைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள்.

ஜோதிடருக்கு முன்பணம் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் போய்த் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டார். இருந்தாலும் நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டு வாருங்கள்.