சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே மாட்டியது எப்படி?

மதுரைக் கீழமாசி வீதியில் சரக்கு லாரி திரும்பும்போது குறுக்கே மாட்டினால் சைக்கிள்கூட நுழைய முடியாது. 2021 மார்ச் 23 அன்று சூயஸில் நடந்ததும் அதுதான். கப்பலின் நீளம் 400 மீட்டர். கால்வாயின் அகலம் அதைவிடக் குறைவு.

அன்று மணற்புயல். மலைபோல் அடுக்கிய கன்டெய்னர்கள்மேல் பாய்மரத்தில் அடிப்பதுபோல் காற்று அடிக்கும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: கப்பல் கரையை நெருங்கினால் இடையிலுள்ள தண்ணீர் வேகமெடுத்து அழுத்தம் குறையும். பின்பக்கம் அந்தக் கரைக்கு இழுபடும், மூக்கு எதிர்க்கரைக்குத் திரும்பும்.

மூக்கு புதைந்த மணலைத் தோண்டி, இழுவைப் படகுகளால் இழுத்து, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் உயர்ந்தபோதுதான் 29-ஆம் தேதி மிதந்தது.

மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். இழப்பீட்டுத் தகராறில் ஜூலை வரை கப்பலை எகிப்து விடவில்லை. எனக்கு அவர்கள் வீட்டாரை நினைத்துத்தான் கவலை.