கல்குவாரி நிலத்தில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தை ஒரேயடியாக ஒழிப்பது எப்படி?

குத்தகை முடிந்த குவாரி நிலம் ஒன்று உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது, அதிகாரிகள் வந்து பார்ப்பதற்குள் அதை வழித்துச் சுத்தமாகக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து வழித்துவிடாதீர்கள். மொட்டை மண்தான் பார்த்தீனியம் என்ற இந்தக் களைச்செடிக்கு வேண்டியது. பிடுங்கிய இடத்தில் எதை வளர்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் கை வைத்தால், அடுத்த மழையில் இரண்டு மடங்காக வந்து நிற்கும்.

நான் தாவரவியல் படித்தவன் அல்ல. கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து, ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரியில் ஆறு ஆண்டுகள் மேற்பார்வை பார்த்தேன். அங்கே கற்றதைத்தான் சொல்கிறேன்.

முதல் ஆண்டு நாங்கள் செய்தது அத்தனையும் தவறு. மழைக்காலம் முடியும் தறுவாயில், இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து வெள்ளைப் பூ பூத்திருந்த நேரத்தில் ஆள் விட்டோம். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் வெறுங்கையால் பிடுங்கினார்கள். மண் காய்ந்திருந்ததால் பாதிச் செடிகள் கழுத்தில் ஒடிந்து வேர் உள்ளேயே தங்கிவிட்டது. பத்து நாளில் அது தழைத்துக்கொண்டது. மிச்சத்தை ஜேசிபியால் சுரண்டி, அந்த மேல்மண்ணை லாரியில் ஏற்றி வாசல் பக்கம் மரம் வைப்பதற்காகக் கொட்டினோம். நன்றாக வளர்ந்த ஒரு செடி பதினைந்தாயிரம் விதைக்கு மேல்கூடப் போடும் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. மறு வருடம் லாரி போன தடம் முழுக்கக் கோடு போட்டதுபோல் முளைத்திருந்தது.

அந்தப் பெண்களில் ஓர் அக்காவுக்கு மூன்றாம் நாள் இமை இரண்டும் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. முழங்கை மடிப்பில் தோல் வெடித்து நீர் கசிந்தது. “வெயில் சூடு தம்பி, ரெண்டு நாளில் போய்விடும்” என்றார். போகவில்லை. அது வெயில் அல்ல, இந்தச் செடி பட்டதால் வந்த ஒவ்வாமை. அதன் பிறகு களை எடுக்கும் வேலைக்கே அவர் வரவில்லை. முதலாளி வைத்தியச் செலவு தரவில்லை. நான் கேட்ட விதமும் போதாது என்பது இன்றும் உறுத்துகிறது.

இரண்டாம் ஆண்டு வழியை மாற்றினோம். கோடை மழை ஒன்றிரண்டு பெய்து மண் இளகியதும், செடி தரையோடு கேரட் இலைபோல் படர்ந்து கிடக்கும் பருவத்திலேயே வேரோடு எடுத்தோம். பூ வருவதற்கு முன்னால் எடுத்தது என்பதால் குழியில் போட்டு எருவாக்க முடிந்தது. பூத்துவிட்டால் எருக்குழிக்குக் கொண்டுபோகவே கூடாது. எடுத்த கையோடு சாணி எருவைப் பரப்பித் தகரை, துத்தி, ஆவாரை விதைகளைத் தூவினோம். சரளை மண்ணில் ஆவாரை அழகாகப் பிடித்துக்கொண்டது. உள்ளே வரும் லாரிச் சக்கரங்களை வாசலிலேயே தண்ணீர் அடித்துக் கழுவினோம். மூன்று மழைக்காலம் விடாமல் செய்த பிறகுதான் குறைந்தது.

ஜூலை வாக்கில் இலையைப் புரட்டிப் பாருங்கள். வெளிர்மஞ்சள் முதுகில் கரும்பழுப்புக் கோடு போட்ட சிறு வண்டு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். இந்தச் செடியைத் தின்பதற்காக 1983இல் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டு வெளியில் விட்ட இனம் அது. கோடையில் மண்ணுக்குள் போய்விடும், மழை வந்ததும் மேலே வரும். அது மட்டும் போதாது, ஆனால் கூலி வாங்காத ஆள்.

“பத்து ஏக்கரைக் கையால் பிடுங்க முடியுமா, களைக்கொல்லி அடிக்காமல் நடக்குமா” என்று கேட்பவர்கள் வருவார்கள். அடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிளைபோசேட் நிற்கிற செடியைக் கொல்லும். மண்ணுக்குள் இருக்கும் விதையை ஒன்றும் செய்யாது. உப்புக் கரைசலும் கற்குவியல் ஓரத்துக்குச் சரி, நாளைக்கு மரம் வைக்கப்போகும் இடத்துக்கு வேண்டாம்.

மொட்டை மண்ணைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்கு எங்கள் ஊர்தான் காரணம். தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மண், மேடு மேடாக இன்றும் நிற்கிறது. மாவுபோன்ற மண், அதில் எளிதில் எதுவும் வேர் பிடிக்காது. அடிவாரத்தில் முளைத்திருந்த முள்செடிகளை ஒரு வருடம் விறகுக்கு வெட்டிவிட்டார்கள். அந்தக் கோடையில் அம்மா சோற்றுப் பானையை இரண்டு துணி போட்டு மூடினார், அப்படியும் சோறு நறநறவென்று கடிபட்டது. பெங்களூரில் யாரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னாலும் “இன்னும் தங்கம் இருக்கிறதா?” என்றுதான் கேட்கிறார்கள். இருபது வருடமாக இதே கேள்வி. மேட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தத் தூசியைச் சுவாசித்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மன்னிக்கவும்.

உங்கள் நிலத்துக்கு: ஏப்ரலிலேயே தகரை, துத்தி, ஆவாரை விதையைச் சேர்த்து வையுங்கள். ஆள் இறக்குவதற்கு முன் எல்லோருக்கும் முழங்கை வரை மூடும் கையுறையும் முகத்துக்குத் துணியும் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றாலும் கொடுங்கள்.