வீட்டில் வந்து இறந்தாலும் கடமையில் இறந்தவர்தானா?

கல்லடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்:

"என் ஒரே மகன் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தவர். அந்த ஊர்த் தீயணைப்புப் படையில் சம்பளமில்லாத தொண்டர். 2025 மாசியில் ஒரு இரவு, வீடொன்று பற்றியெரிகிறதென்று அணைக்கப் போனார். திரும்பி வந்து எனக்கு வட்ஸ்அப்பில் கதைத்தார். 'அம்மா, கை விறைக்குது, படுக்கப்போறன்' என்றார். அன்று காலையே மாரடைப்பில் போய்விட்டார். வயது 38. கல்யாணம் முடிக்கவில்லை. அவருடைய அப்பாவும் இல்லை. வீட்டில் இறந்ததால் ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். அங்கிருந்து ஒருவர் போன் எடுத்து, மூன்றிலொரு பங்கு தந்தால் எடுத்துத் தருவேன், அற்றோணித் தத்துவத்தில் கையெழுத்து வையுங்கள் என்கிறார். என்ன செய்வது?"

அம்மா, முதலில் அந்த அற்றோணித் தத்துவத்தில், அதாவது உங்கள் சார்பில் காரியம் பார்க்க அவருக்கு அதிகாரம் கொடுக்கும் கடதாசியில், கையெழுத்து வைக்காதீர்கள். மற்றதை ஆறுதலாகப் பார்ப்போம்.

கடமையில் உயிரிழக்கும் பொலிசார், தீயணைப்பாளர்கள் போன்றோரின் குடும்பத்துக்கு உதவித்தொகை கொடுக்கவென்று அமெரிக்க மத்திய அரசு 1976இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதை நடத்துவது அந்நாட்டு நீதித் திணைக்களம். சம்பளம் வாங்கினாரா இல்லையா என்பதை அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. முறையாக அமைந்த தீயணைப்புப் படையில் பெயர் பதிந்த தொண்டராக இருந்தால் போதும்.

வீட்டில் இறந்தார் என்ற பேச்சுக்கு 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பதில் இருக்கிறது. உடலை வருத்தும் அவசரப் பணியில் ஈடுபட்டவருக்கு, அதன்பின் 24 மணித்தியாலத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்து அவர் இறந்தால், அதைக் கடமையில் நேர்ந்த இறப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மகனுக்குப் பிரஷர் இருந்தது, கொலஸ்ட்ரோல் இருந்தது என்று மட்டும் சொல்லி அதை மறுக்க முடியாது.

ஆகவே உங்கள் வழக்கின் உயிர் மணிக்கணக்கில்தான் இருக்கிறது. உங்கள் கைத்தொலைபேசியைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்த வட்ஸ்அப் அழைப்பின் நேரம் அதில் பதிவாகியிருக்கும். மாசி மாதத்தில் ஒஹாயோ நேரம் நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால். இங்கே மத்தியானம் 1.10 என்றால் அங்கே இரவு 2.40. அதைப் படம்பிடித்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். கை விறைக்கிறது என்று அவர் சொன்னதை, நினைவு மங்குமுன் திகதி போட்டு எழுதி வையுங்கள். தீயணைப்புப் படையின் அன்றைய சம்பவ அறிக்கை, மரணச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை செய்திருந்தால் அந்த அறிக்கை, இவையும் வேண்டும். போதையில் இருந்தாரா என்றும் பார்ப்பார்கள். அது வழக்கமான கேள்விதான், மனம் நோகாதீர்கள்.

மனைவியும் பிள்ளைகளும் இல்லாதபோது, இந்த உதவிக்கென்றே மகன் யாரையாவது எழுதிக் கொடுத்திருந்தால் பணம் அவருக்குப் போகும். அப்படி இல்லையென்றால், அவர் கடைசியாக எடுத்த ஆயுள் காப்புறுதியில் பெயர் உள்ளவருக்கு. அதுவும் இல்லையென்றால்தான் பெற்றோருக்கு. தந்தை இல்லாதபடியால் முழுத்தொகையும் உங்களுக்கே. எனவே அந்தப் படைக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே, மகன் யாரையாவது எழுதிக் கொடுத்தாரா, ஆயுள் காப்புறுதி எடுத்திருந்தாரா என்ற இரண்டையும் கேளுங்கள். பெற்றோர் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

2024 ஒக்டோபர் 1 முதல் 2025 செப்டெம்பர் 30 வரை நேர்ந்த இறப்புகளுக்குத் தொகை 448,575 டொலர். அதில் மூன்றிலொன்று ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் டொலர்! இந்தக் கோரிக்கைக்குப் பங்கு விகிதத்தில் கூலி பேசுவதை அந்தத் திட்டத்தின் விதிகளே தடுக்கின்றன. உதவி செய்பவர் தன் கூலியை அந்தத் திட்டத்தை நடத்தும் அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, அனுமதி பெற்றுத்தான் வாங்கலாம். விண்ணப்பிக்கக் கட்டணமும் இல்லை. ஒரு பகுதியை நீங்கள் நிரப்புவீர்கள், மற்றதைப் படை நிரப்பி அனுப்பும்.

இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள், அதாவது 2028 மாசிக்கு முன், விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நிறைய நாள் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நம்மவர்களின் பெயர்களே பெரிய தாமதம். பிறப்புச் சான்றிதழில் மகன் பெயர் தனியாகவும் தந்தை பெயர் வேறு கட்டத்திலும் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் முன்னால். அமெரிக்காவில் அதுவே குடும்பப்பெயராகிப் பின்னால் போயிருக்கும். ஓரிடத்தில் தங்கராசா, இன்னோரிடத்தில் தங்கராஜா. வாசிக்கும் அதிகாரிக்கு இவர்கள் இரண்டு ஆட்கள்.

சரி, இதற்கு என்ன செய்யலாம்? இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடியுங்கள். சுனாமியில் சான்றிதழ் போயிருந்தால், பிறப்பைப் பதிந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுக்கலாம். பிறப்புச் சான்றிதழையும் கணவரின் மரணச் சான்றிதழையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். எல்லாவற்றிலும் கடவுச்சீட்டிலுள்ள அதே எழுத்துக்கூட்டலைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

முதலில் மறுத்தால் பயப்படாதீர்கள். மறுப்பு அறிவித்தலை அவர்கள் அனுப்பிய நாளிலிருந்து 33 நாளுக்குள், விசாரணை அலுவலர் முன் திரும்பக் கேட்கலாம். அதற்கு மேலும் படிகள் உண்டு. மறுப்புக் கடிதம் வந்தால் கடித உறையையும் எறிய வேண்டாம், நாள் எண்ணுவதற்கு அது தேவைப்படும்.

அந்த ஆள் மறுபடி எடுத்தால், கூலிக்கான அனுமதிக் கடிதத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே எதிலாவது கையெழுத்து வைத்திருந்தால் அதன் பிரதியை எனக்கு உடனே அனுப்புங்கள், அம்மா. அற்றோணித் தத்துவத்தை இரத்துச் செய்ய வழி இருக்கிறது.