கடல் படிப்பு சோறு போடுமா? விருதுநகர் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. ப்ளஸ் டூ உயிரியல் பிரிவில் நன்றாகப் படிக்கும் மகள், மருத்துவம் வேண்டாம், கடல் உயிரினங்களைக் காப்பாற்றும் வேலைக்குத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். "படிச்சு முடிச்சு மீன் ஏலம் விடுற இடத்துல போய் நிக்கவா?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கோபத்தில் கேட்டிருந்தாலும் கேள்வி சரியானது. பதிலும் ஆமாம்தான். பல நாள் விடிகாலையில் மீன் இறங்குதளத்தில்தான் நிற்பாள். எந்தப் படகு, என்ன வலை, எவ்வளவு மீன், அதில் குஞ்சு எவ்வளவு என்று கையில் அளவுகோலோடு குறித்துக்கொண்டிருப்பாள். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இன்றுவரை செய்துவரும் முக்கியமான வேலைகளில் ஒன்று இது. எந்த மீன் குறைகிறது, எங்கே அளவுக்கு மீறிப் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் தெரியவருகிறது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. கடல் பாதுகாப்பு என்றதும் பிள்ளைகள் மனதில் வருவது நீலத் தண்ணீர், பவளப்பாறை, முதுகில் காற்று உருளை. அதுவும் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். மீதி வேலை முழுக்க மனிதர்களோடு.

பங்குனி ஆமை என்ற கடல் ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். கரையை ஒட்டி விசைப்படகுகள் இழுவலை போட்டு மணிக்கணக்கில் இழுக்கும்போது, உள்ளே மாட்டிய ஆமை மூச்சுமுட்டிச் செத்துப்போகிறது. இதற்குத் தீர்வும் கண்டுபிடித்தாயிற்று. வலையின் குறுகலான பகுதியில் ஒரு கம்பித் தடுப்பு, அதை ஒட்டி ஒரு திறப்பு. இறால் கம்பிகளுக்கு இடையே புகுந்து மடிக்குள், அதாவது வலையின் கடைசிப் பைக்குள், போய்விடும். ஆமை கம்பியில் முட்டித் திறப்பு வழியாக வெளியேறிவிடும். ஆனால் அதே திறப்பு வழியாகத் தான் பிடித்த மீனும் இறாலும் போய்விடும் என்று படகுக்காரர் பயப்படுகிறார். டீசல் போட்டு, ஆள் கூலி கொடுத்துப் போகிறவருக்கு அந்தப் பயம் வருவது நியாயம்தானே? அவரோடு படகில் போய், எவ்வளவு போகிறது என்று எடை போட்டுக் காட்டி, சம்மதிக்க வைக்க ஒருவர் வேண்டும். இந்த ஆமைப் பிரச்சினையால் 2019 முதல் நம் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. நஷ்டப்படுவதும் அந்த மீனவர்தான். அறிவியலும் தெரிந்து, மீனவரிடம் மரியாதையாகப் பேசவும் தெரிந்த ஆட்கள் நம்மிடம் மிகவும் குறைவு. உங்கள் மகளுக்கான இடம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வேலை இல்லாத துறை என்று யாராவது சொன்னால் ராமநாதபுரம் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதில் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையைப் பல காலம் வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க அரண் இல்லாமல் போய்விட்டது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வான் தீவும் அப்படிக் கரைந்துகொண்டே வந்தபோது, கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கிக் காப்பாற்றினார்கள். கடல் சூடாகி 2016-ல் பவளங்கள் வெளிறிச் செத்தன. இன்னும் வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கென்று 2022-ல் அரசு அறிவித்தது. கடற்பசு மேய்வது கடற்புல்லை. அடியை வாரும் வலை புல்லைப் பெயர்த்துவிட்டால் அதற்குத் தீனி கிடையாது. புல் வளர்ப்பு, பவள மறுநடவு, கணக்கெடுப்பு எல்லாவற்றுக்கும் படித்த ஆள் தேவைப்படுகிறது.

சரி, படிப்புக்கு வருவோம். என் முதல் விருப்பம் பி.எஃப்.எஸ்சி, அதாவது மீன்வள அறிவியல். நான்கு ஆண்டு. நாகப்பட்டினத்தில் இருக்கும் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடி, பொன்னேரி, தலைஞாயிறு கல்லூரிகளில் இருக்கிறது. உங்களுக்குத் தூத்துக்குடி பக்கம். மீன்துறை ஆய்வாளர், வங்கி வேளாண் அதிகாரி, இறால் பண்ணை, ஏற்றுமதித் தரக்கட்டுப்பாடு என்று பல கதவுகள் திறக்கும். பாதுகாப்புப் பணி உடனே கிடைக்காவிட்டாலும் கையில் சம்பளம் இருக்கும்.

அது கிடைக்காவிட்டால் நல்ல அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி விலங்கியல். பலருக்கு இது சப்பென்று தெரியும். ஆனால் கடல்சார் தேசியப் பூங்காவை நடத்துவதே வனத்துறைதான். அதன் தலைமையில் இருப்பவர் இந்திய வனப்பணி அதிகாரி. அந்தத் தேர்வுக்கான தகுதிப் பட்டியலில் விலங்கியல் பெயர் சொல்லியே இருக்கிறது. அப்புறம் முதுகலையில் கடல் உயிரியலுக்கு மாறிக்கொள்ளலாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கொச்சியிலும் நல்ல இடங்கள் உண்டு. "மரைன்" என்று கவர்ச்சியாகப் பெயர் வைத்துப் பல லட்சம் கேட்கும் இளங்கலைப் படிப்புகளுக்கு நகையை அடகு வைக்காதீர்கள். பரிசோதனைக்கூடமும் படகும் இல்லாத இடத்தில் அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் தேறி, முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கான ஜே.ஆர்.எஃப் உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதற்குப்பின் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. அதுவரை திட்டப் பணிகள்தான்: இரண்டு வருடம், மூன்று வருடம், நிதி தீர்ந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். நிரந்தர வேலை அமைய முப்பது வயதை நெருங்கிவிடலாம். "இருபத்து மூணுல கல்யாணம்" என்று வீட்டில் திட்டம் இருந்தால், அதை இப்போதே மகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். நடுவழியில் பேசினால் அவள் ஆராய்ச்சியும் கெடும், வீட்டில் நிம்மதியும் கெடும்.

பெண் பிள்ளை படகில் போவதா என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ராமேசுவரம் பக்கம் பெண்கள் காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, தலைமுறையாகக் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். ஆய்வு மாணவிகள் குழுவாகத்தான் போகிறார்கள், உயிர்காப்பு மிதவையோடு. ஆனால் நீச்சல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதென்றால் இந்த விடுமுறையிலேயே சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு காரியமும் செய்யுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. பரீட்சை மார்ச்சில் முடிந்ததும், தடைக்கு முன்னால் தூத்துக்குடி துறைமுகத்தில் படகு வந்து இறங்கும் நேரத்துக்கு அவளைக் கூட்டிப்போங்கள். நாற்றம், ஈரம், சத்தம், ஏலக்குரல் எல்லாவற்றுக்கும் நடுவே கொஞ்ச நேரம் நிற்கட்டும். யாரிடமாவது அவளே போய், "அண்ணே, இது என்ன மீன்? முன்னாடி இதைவிடப் பெருசா கிடைக்குமா?" என்று கேட்கிறாளா பாருங்கள். கேட்டால் இந்த வழி அவளுக்கு ஒத்துவரும் என்பேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு காருக்குத் திரும்பினாலும் குறையில்லை. கடலியல் தரவுகள், செயற்கைக்கோள் படங்கள் என்று கணினி முன்னால் செய்யும் வேலைகளும் இதில் இருக்கின்றன. அதற்குக் கணிதத்தை விடாமல் வைத்திருக்க வேண்டும். மதிப்பெண் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். அந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டையும் கையில் வைத்துக்கொண்டு, எந்த வரிசையில் விண்ணப்பிப்பது என்று பேசிக்கொள்ளலாம்.