'நிரந்தர' வாயு

கேள்வி: ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் எல்லாம் 'நிரந்தர வாயுக்கள்' என்று ஒரு பழைய புத்தகத்தில் படித்தேன். திரவ ஆக்சிஜன்தான் இருக்கிறதே! போதிய அழுத்தம் கொடுத்தால் எந்த வாயுவும் திரவமாகிவிடும் அல்லவா?

பதில்: அந்த 'நிரந்தர'த்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'இதுவரை எங்களால் முடியவில்லை' என்று எழுத வேண்டிய இடத்தில் எழுதிவிட்ட சொல் அது.

மைக்கேல் ஃபாரடே 1823-இல் குளோரினைத் திரவமாக்கினார். 1845-க்குள் ஒவ்வொரு வாயுவாக வழிக்குக் கொண்டுவந்தார். ஆறு மட்டும் மசியவில்லை: நீங்கள் சொன்ன மூன்று, அப்புறம் கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு, மீத்தேன். அவர் எட்டிய குளிர் சுமார் மைனஸ் 110 டிகிரி செல்சியஸ். ஆக்சிஜனுக்கு மைனஸ் 118-க்குக் கீழே போயிருக்க வேண்டும். எட்டு டிகிரியில் தப்பிப் போனது! நினைக்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது. வியன்னாவில் நாட்டரர் என்ற ஆய்வாளர் அழுத்தத்தையே நம்பினார். காற்றழுத்தத்தைப்போல 2,000 மடங்குக்கும் மேல் நசுக்கியும் ஒரு சொட்டு விழவில்லை. உங்கள் 'போதிய அழுத்தம்' அங்கேயே தோற்றுவிட்டது.

ஏன் என்பதை 1869-இல் விளக்கியவர் தாமஸ் ஆண்ட்ரூஸ். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலை உண்டு. அதற்கு மேலே மூலக்கூறுகளின் வேகம் அவற்றின் ஈர்ப்பை மீறி நிற்கும். எவ்வளவு நெருக்கினாலும் அடர்த்தி கூடும், ஆனால் இது திரவம், இது வாயு என்று பிரிக்கும் பரப்பு தோன்றாது. கார்பன் டை ஆக்சைடுக்கு அது 31 டிகிரி, தண்ணீருக்கு 374. ஹீலியத்துக்கோ ஏறக்குறைய மைனஸ் 268. அதையும் 1908-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் என்ற இயற்பியலாளர் திரவமாக்கிவிட்டார்.

சரி, ஆண்ட்ரூஸ் வந்துவிட்டதால் ஒரு பழைய வழக்கையும் முடித்துவிடுகிறேன். 'ஆவியும் வாயுவும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு சொல்?' என்று இதே பக்கத்தில் ஒரு வாசகர் என்னோடு மல்லுக்கு நின்றார். மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே இருந்தால் ஆவி, அழுத்தினாலே திரவமாகும். மேலே இருந்தால் வாயு. முதலில் குளிர வைக்க வேண்டும். இரண்டு சொல்லும் வேண்டும் ஐயா, இப்போதும் சொல்கிறேன்.

கெண்டி மூக்கிலிருந்து எழும் வெள்ளைப் புகையை ஆவி என்கிறோமே, அதுவும் தப்பு. அவை குளிர்ந்துபோன நீர்த்துளிகள். மூக்கை ஒட்டி, ஒன்றுமே இல்லாததுபோல் தெரிகிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் அசல் ஆவி இருக்கிறது. அங்கே விரலை நீட்டிவிடாதீர்கள். ஒரு கிராம் கொதிநீர் உடற்சூட்டுக்கு இறங்கும்போது 63 கலோரி வெப்பம் தரும். ஒரு கிராம் ஆவி, தோலில் பட்டு நீராக மாறும்போதே 540 கலோரியைக் கொட்டிவிடும்.